மூளைக்கு ஒரு பேலன்ஸ் ஷீட்

ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: 'ஸார், எனக்கு வயது 29. தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். போன வாரம் ஏ.டி.எம். முன்னால் நின்றுகொண்டு பின் நம்பர் ஞாபகம் வராமல் திரும்பி வந்துவிட்டேன். ஒரு நாள் மானேஜர் பெயரே மறந்துவிட்டது. எங்கள் ஏரியா ஸ்கேன் சென்டரில் மூளைக்கு முழுப் பரிசோதனை, தள்ளுபடி விலை என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எடுத்துப் பார்த்துவிடலாமா?'

முதலில் மானேஜர். அவர் பெயர் மறந்துபோவது வியாதி இல்லை, வரப்பிரசாதம். அனுபவியுங்கள். பின் நம்பர் சமாசாரமும் பெரிசாக ஒன்றுமில்லை. இரண்டு பாங்க் கார்டு, ஒரு யு.பி.ஐ., ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு பாஸ்வேர்டு (மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பழசு மாதிரி இருக்கக் கூடாது, நடுவில் ஒரு ஆச்சரியக்குறி வேறு வேண்டும்) என்று ஒரே தலைக்குள் இத்தனையைத் திணித்தால் ஒன்றிரண்டு வெளியே விழத்தான் செய்யும். 29 வயதில் ஞாபகம் தடுமாறினால் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது தூக்கத்தை. அடுத்து கவலையை. அதற்கப்புறம் பி12, தைராய்டு. ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் செல்போன் வெளிச்சம் தெரிகிற ஆசாமிக்கு ஸ்கேன் எதற்கு? சார்ஜரைப் பிடுங்கினால் போதும்.

ஆனால் கடிதத்தின் கடைசியில் ஒரு பின்குறிப்பு இருக்கிறது. 'அப்பாவுக்கும் சேர்த்து எடுத்தால் இன்னும் குறைத்துக்கொள்வார்களாம். அப்பாவுக்கு 63. கொஞ்ச நாளாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்.'

தம்பி, கடிதமே அந்தப் பின்குறிப்புதான். மேலே எழுதியதெல்லாம் கவர் ஒட்டுகிற கோந்து. ஆகவே இந்த வாரம் அந்த அப்பாவைப் பற்றி.

60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குக் கொஞ்சம் அதிகமாக டிமென்ஷியா இருக்கிறது, மொத்தம் சுமார் 88 லட்சம் பேர் என்று 2023-ல் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வு கணக்குச் சொன்னது. நம் வீடுகளில் இதற்குப் பெயர் டிமென்ஷியா இல்லை. 'வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று பெயர். அதில் பெரும்பங்கு அல்ஸைமர் நோய். அதைத்தான் இப்போது ஸ்கேன் போட்டு முன்கூட்டியே பார்க்க முடியும் என்கிறார்கள். பார்க்க முடியுமா? முடியும். எதைப் பார்க்கிறோம் என்பதில்தான் வில்லங்கம்.

அதற்கு 1901-க்குப் போக வேண்டும். ஜெர்மனி, ஃபிராங்க்ஃபர்ட். அங்கே மனநோய் ஆஸ்பத்திரியில் அகஸ்டே என்ற 51 வயது அம்மாளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கணவர் ரயில்வேயில் குமாஸ்தா. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவர் டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர்.

'உங்கள் பெயர்?'

'அகஸ்டே.'

'குடும்பப் பெயர்?'

'அகஸ்டே.'

'கணவர் பெயர்?'

கொஞ்சம் யோசித்து, 'அகஸ்டே என்று நினைக்கிறேன்.'

மத்தியானத் தட்டில் பன்றிக் கறியும் காலிஃப்ளவரும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் 'கீரை' என்கிறார். அல்ஸைமர் இதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி வைத்தார். 1906 ஏப்ரலில் அந்த அம்மாள் இறந்துபோக, அதற்குள் ம்யூனிக் போய்விட்ட டாக்டர் மூளையை அங்கே வரவழைத்தார். வெள்ளி உப்பால் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக அழுக்கு. செல்களுக்கு உள்ளே சிக்கு விழுந்த நூல் மாதிரி முடிச்சு. அந்த வருஷம் நவம்பரில் டூபிங்கன் நகரத்தில் டாக்டர்கள் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னார். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. (நம் ஆபீஸ் மீட்டிங் மாதிரிதான்.) 1910-ல் நோய்க்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. அகஸ்டேயின் கேஸ் கட்டு மட்டும் எங்கோ மாயமாகி, 1995-ல் ஃபிராங்க்ஃபர்ட் ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தது. நம்மூர் ரெக்கார்டு ரூம்களும் மனம் தளர வேண்டியதில்லை.

அந்தத் திட்டுகளில் இருப்பது அமிலாய்ட் என்ற புரதம். முடிச்சுகளில் இருப்பது டௌ என்ற இன்னொரு புரதம். இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். (பின் நம்பர் மாதிரி ஆகிவிடப் போகிறது.) விஷயம் என்னவென்றால் இவற்றைப் பார்க்க ஆள் சாக வேண்டியிருந்தது. உயிரோடு இருப்பவருக்கு 'அல்ஸைமராக இருக்கலாம்' என்றுதான் டாக்டர் சொல்ல முடியும். சரியாகச் சொன்னாரா என்பது மார்ச்சுவரியில் தெரியும். ஏறக்குறைய நூறு வருஷம் இதே கதை.

நடுவில் ஸ்கேன்கள் வந்தன. 1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டன் அட்கின்ஸன் மார்லி ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணின் மூளையை, பிரெட்டை ஸ்லைஸ் போட்ட மாதிரி, கத்தி இல்லாமல் குறுக்கே படம் எடுத்தார்கள். ஸி.டி. ஸ்கேன். உருவாக்கிய இன்ஜினீயர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். அவர் வேலை பார்த்த இடம் இ.எம்.ஐ. பதறாதீர்கள், மாதத் தவணை இல்லை. கிராமபோன் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி. ரெக்கார்டு போட்ட கம்பெனி. பாட்டு விற்ற இடத்திலிருந்தே மூளையைப் பார்க்க மெஷின் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு நோபல் பரிசு.

அப்புறம் எம்.ஆர்.ஐ. காந்தம், ரேடியோ அலை, உள்ளே படுத்தால் பக்கத்து மனையில் போர்வெல் போடுகிற சத்தம். மறதி என்று போகிறவருக்கு அதில் டாக்டர் முக்கியமாகத் தேடுவது ஒரு கடல் குதிரையை. விளையாட்டில்லை. ஹிப்போகாம்பஸ் என்று மூளையில் ஒரு பகுதி, காதுக்கு உள்பக்கமாக இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பார்க்கக் கடல் குதிரை மாதிரி வளைந்திருக்கிறது என்று 16-ம் நூற்றாண்டில் ஒரு இத்தாலிய டாக்டர் வைத்த பெயர். நேற்று யார் வீட்டுக்கு வந்தார்கள், காலையில் என்ன டிபன் என்கிற புது விஷயங்களை ஞாபகத்தில் பதிப்பது இதன் வேலை. அல்ஸைமர் ஆரம்பத்திலேயே அடிக்கிற இடங்களில் இது ஒன்று. அதனால்தான் பெரியவருக்கு 1974-ல் கல்யாணத்துக்கு வந்தவர்கள் லிஸ்ட் அப்படியே நினைவிருக்கும், இன்று காலை மாத்திரை போட்டது நினைவிருக்காது. 'வேணும்னே நடிக்கிறார்' என்று மருமகள் சொல்வது இந்த இடத்தில்தான்.

இனி வருவது பி.காம். படித்தவர்களுக்கு அல்வா. தேய்மானம்! வயதானால் எல்லோருக்கும் கடல் குதிரை சுருங்கும். ஆரோக்கியமாக வயதாகிறவருக்கு வருஷத்துக்குச் சராசரியாக ஒன்றரை சதவீதம். அல்ஸைமர் வந்தவருக்கு நாலரை சதவீதம். காலேஜில் நோட்டில் கோடு போட்டுக் கற்ற அதே குறைந்துசெல் மதிப்பு முறையில் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய் மதிப்புள்ள மெஷின் பத்து வருஷத்தில் ஒருவருக்கு 86-ல் நிற்கும், மற்றவருக்கு 63-க்கு வந்துவிடும்.

ஆனால் ஒரே ஒரு பேலன்ஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு கம்பெனி ஏறுகிறதா இறங்குகிறதா என்று எந்த ஆடிட்டராவது சொல்வாரா? போன வருஷத்துக் கணக்கு எங்கே என்பார். மூளையும் அப்படித்தான். சிலருக்குக் கடல் குதிரை பிறவியிலேயே சின்னது. ஒரு தடவை எடுத்த படத்தில் ரொம்பவும் சுருங்கியிருந்தால் கண்ணில் படும். ஆரம்ப கட்டத்துச் சின்னச் சுருக்கம், வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை அளந்து பார்த்தால்தான் பிடிபடும். தள்ளுபடி விலையில் ஒரு தடவை எடுத்துவிட்டு வருகிறவர் கையில் கிடைப்பது 'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம் காணப்படுகிறது' என்று ஒரு வரி. அந்த வரி எத்தனை வீட்டில் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். 'வயதுக்கேற்ற நரை காணப்படுகிறது' என்று சலூன்காரர் ரிப்போர்ட் கொடுத்தால் பயப்படுவோமா?

பெட் ஸ்கேன் இன்னொரு தினுசு. (பெட் என்றால் கட்டில் இல்லை.) துளி கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, மூளையில் எந்த இடம் அதை எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பார்கள். கரண்ட் பில்லை வைத்து எந்தப் போர்ஷனில் ஆள் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற ஹவுஸ் ஓனர் டெக்னிக். உபயோகமானதுதான். ஆனாலும் விளக்கு ஏன் எரியவில்லை என்பதை அது நேராகச் சொல்லாது. அல்ஸைமர் பார்த்தாரே, அந்தத் திட்டு, அது இதில் தெரியாது.

திட்டைப் பிடித்தவர்கள் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து வில்லியம் க்ளங்க், செஸ்டர் மேதிஸ் என்ற இருவர். க்ளங்க் மனநோய் டாக்டர், மேதிஸ் கெமிஸ்ட். செத்தவர் மூளையில் திட்டுகளைக் காட்டப் பரிசோதனைச்சாலைகளில் போடும் சாயங்கள் இருந்தன. அவை ஒரிஜினலாக மூளைக்குச் செய்ததே இல்லை, துணிக்குச் செய்தவை. காங்கோ ரெட் என்பது 1880-களில் பருத்தித் துணிக்கு ஜெர்மனியில் கண்டுபிடித்த சிவப்பு. தியோஃப்ளேவின் என்பது இன்னொரு மஞ்சள். திருப்பூர், கரூர் வாசகர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். இந்தச் சாயம் திட்டில் போய் ஒட்டுகிறது என்றால், உயிரோடு இருப்பவருக்கு ஊசியில் ஏற்றினால் என்ன? ரத்தத்தில் போகும், மூளைக்குள் போகாது. மூளை வாசலில் ஒரு கண்டிப்பான வாட்ச்மேன் இருக்கிறார். மின்சாரச் சுமையோடு வருகிற மூலக்கூறை உள்ளே விடமாட்டார். வருஷக்கணக்காக மாற்றி மாற்றிச் செய்து, தியோஃப்ளேவினின் அந்தச் சுமையைக் கழற்றி, கூடவே ஒரு கதிரியக்கக் கார்பனைத் தொற்றிக்கொள்ள வைத்து ஒரு சரக்கை உண்டாக்கினார்கள். பிட்ஸ்பர்க் காம்பவுண்ட் பி.

அந்தக் கார்பன் இருபதே நிமிடத்தில் பாதி காலியாகிவிடும். டீக்கடை பஜ்ஜி மாதிரி, போட்ட இடத்திலேயே சாப்பிட வேண்டும். (பார்சல் கட்டுகிற மாதிரி கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் தாங்குகிற சரக்குகள் பிறகு வந்தன. 2012-ல் அமெரிக்காவில் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது.)

2002 பிப்ரவரியில் ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் முதல் மனிதருக்கு அந்த ஊசி போடப்பட்டது. அங்கே அந்த வேலையில் இருந்தவர்களில் ஒருவரின் கதையைச் சொல்லாமல் போக மனசில்லை. ஹென்றி எங்லர். தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டுக்காரர். மருத்துவ மாணவராக இருந்தபோது டுபமாரோஸ் என்ற கொரில்லா இயக்கத்தில் சேர்ந்து, 1972-ல் பிடிபட்டார். ராணுவ ஆட்சி அவரையும் இன்னும் எட்டுப் பேரையும் பணயக் கைதிகள் மாதிரி வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் தனிமைச் சிறையில் பூட்டியது. அந்த ஒன்பது பேரில் ஒருவர் ஹோசே முஹிகா, பிற்பாடு 2010 முதல் 2015 வரை அந்த நாட்டு ஜனாதிபதி. எங்லருக்கு உள்ளே புத்தி பேதலித்தது, இல்லாத குரல்கள் கேட்டன. 1985-ல் வெளியே வந்து, அகதியாக ஸ்வீடன் போய், விட்ட மருத்துவப் படிப்பை முடித்து, கடைசியில் அடுத்தவர் மூளைக்குள் பார்க்கிற டாக்டர் ஆனார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டார்கள். (2008-ல் 'எல் சிர்குலோ' என்று நிஜமாகவே டாகுமெண்டரி எடுத்தார்கள்.)

2004-ல் முடிவு வெளியானது. அல்ஸைமர் நோயாளிகள் 16 பேர், நோய் இல்லாதவர்கள் 9 பேர். நோயாளிகளின் முன்மூளையில் மற்றவர்களைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சாயம் தங்கியிருந்தது. படத்தில் அது சிவப்பும் மஞ்சளுமாக எரிகிறது, மற்றவர்கள் படம் நீலமாகக் குளிர்ச்சியாக இருக்கிறது. (கலர் கம்ப்யூட்டர் போட்டது. மூளைக்குள் தீபாவளி எதுவும் நடக்கவில்லை.) மைக்ராஸ்கோப்பில் பிணத்தில் பார்த்ததை உயிரோடு பேசிக்கொண்டிருப்பவரிடம் பார்த்தாகிவிட்டது. பரம்பரையாக இந்த நோய் வருகிற குடும்பங்களை வைத்து 2012-ல் கணக்குப் போட்டார்கள். மறதி வெளியே தெரிவதற்கு சுமார் 15 வருஷம் முன்பே இந்தத் திட்டு ஸ்கேனில் தெரிய ஆரம்பிக்கிறது!

ஸ்கேன் சென்டர் போர்டுக்காரர் இந்த இடத்தில் கட்டுரையை நிறுத்திவிடுவார். நாம் தொடர வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் ஞாபகசக்தி நன்றாக இருக்கிறவர்களையும் ஸ்கேன் பண்ணிப் பார்த்தார்கள். 2015-ல் ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு: புத்தி தெளிவாக இருக்கும் 50 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 10 பேருக்கு அமிலாய்ட். 90 வயதில் 44 பேருக்கு. பேத்தி பெயரும் தெரியும், பென்ஷன் தேதியும் தெரியும், கடைக்காரன் எட்டணா குறைத்துக் கொடுத்தாலும் தெரியும், ஆனால் தலைக்குள் திட்டு. இவர்களில் பலர் அப்படியே தெளிவாக இருந்து வேறு எதிலாவது போய்ச் சேர்வார்கள். அமெரிக்காவில் கன்னியாஸ்திரீகளை வைத்து நடந்த பிரசித்தமான ஆய்வில், 84 வயது வரை பள்ளிக்கூட வேலை பார்த்த ஒரு சிஸ்டர் 101 வயதில் தெளிவான புத்தியோடு இறந்தார். மூளையை எடுத்துப் பார்த்தால் திட்டும் முடிச்சும் ஏராளம்.

இதைவிட ஆச்சரியம் கொலம்பியாவில். அங்கே அந்தியோக்கியா என்ற மலைப் பிரதேசத்தில் ஒரு பெரிய வம்சம், சுமார் 6,000 பேர். அவர்களில் ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறு வந்தவர்களுக்கு 44 வயது வாக்கில் மறதி ஆரம்பித்து, 50 வாக்கில் டிமென்ஷியாவே வந்துவிடும். அலிரியா என்ற அம்மாளுக்கும் அதே கோளாறு. ஆனால் எழுபது வயது தாண்டும் வரை ஒன்றும் ஆகவில்லை. பாஸ்டனுக்கு அழைத்துப்போய் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். அமிலாய்ட் திட்டு? அந்த வம்சத்திலேயே வெகு அதிகம். படம் முழுக்கச் சிவப்பு. டௌ முடிச்சைக் காட்டுகிற இன்னொரு ஸ்கேனில் மட்டும் கொஞ்சம்தான். வேறொரு அபூர்வ மரபணு மாற்றம் அவரைக் காப்பாற்றியிருந்தது என்று 2019-ல் எழுதினார்கள். அடுத்த வருஷம் அவர் இறந்தார். திட்டு நிறைய, மறதி இல்லை. அப்போது திட்டுதான் நோய் என்று சொல்வதா?

ஆக, அந்தச் சிவப்புப் படம் தீர்ப்பு இல்லை. எங்கள் பாஷையில் சொன்னால் 'வாராக்கடன் ஒதுக்கு'. கடன் வராமல் போகலாம் என்று கணக்கில் எழுதி வைக்கிறோம். வராது என்று நாமே முடிவு கட்டிவிட்டுக் கடையைச் சாத்துவதில்லை. இதனால்தான் அமெரிக்காவின் அல்ஸைமர் சங்கமும் அணு மருத்துவ நிபுணர்களும் சேர்ந்து 2013-லேயே சொன்னார்கள்: மறதி எதுவும் இல்லாதவர்களுக்கு, வெறும் பயத்துக்காக, வயதுக்காக, குடும்பத்தில் இருந்தது என்பதற்காக அமிலாய்ட் ஸ்கேன் எடுக்காதீர்கள். நம் ஊர் மூலை சென்டரில் இந்த ஸ்கேன் கிடைப்பதும் இல்லை. 'பேக்கேஜில்' அவர்கள் தருவது சாதா எம்.ஆர்.ஐ.

அப்படியானால் அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. வேண்டாமா? இருங்கள், அங்கேதான் வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ரேஷன் கடை போர்டில் ஒற்றுப்பிழை இருந்தால் சாக்பீஸ் கொண்டுபோய்த் திருத்துகிற டைப். ஒரு சமயம் இரண்டு மூன்று வாரத்தில் ஆளே மாறிப்போனார். பேச்சு குழறல், பகலெல்லாம் தூக்கம், ஒரு காலை இழுத்து நடை. என்னைப் பார்த்து 'எந்த கிளாஸ்டா நீ?' என்றார். 'எழுபத்தாறு ஆச்சு தம்பி, இனிமே இப்படித்தான்னு எல்லாரும் சொல்றாங்க' என்று அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வந்து பார்த்த டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: 'கீழே விழுந்தாரா?' ஒன்றரை மாதம் முன்பு பாத்ரூமில் வழுக்கி சுவரில் மண்டை இடித்திருக்கிறது, வீங்கக்கூட இல்லை, தைலம் தடவிவிட்டு மறந்துவிட்டார்கள். ஸி.டி. ஸ்கேன் எடுத்தால் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கட்டி மூளையை அமுக்கிக்கொண்டிருக்கிறது. ஓட்டை போட்டு வடித்தார்கள். அடுத்த மாதம் சாக்பீஸோடு ரேஷன் கடையில் நிற்கிறார்.

மறதிக்கு ஸ்கேன் எடுப்பதில் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய லாபம் இதுதான், அல்ஸைமரைக் கண்டுபிடிப்பது அல்ல. கண்டுபிடித்தால் சரி பண்ணக்கூடிய வேறு எதையாவது தப்பவிடாமல் இருப்பது. ரத்தக் கட்டு, கட்டி, மூளையில் நீர் கோத்துக்கொள்வது (நடை தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், சிறுநீர் அடங்காது, மறதியும் இருக்கும்). பிபியாலும் சர்க்கரையாலும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் அடைத்த தடமும் தெரியும். இத்தனைக்கும் டாக்டர் எழுதிக்கொடுத்து எடுக்கும் ஒரு ஸ்கேன் போதும். கூடவே பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை. காது கேட்கிறதா என்றும் பாருங்கள். பாதி வீடுகளில் 'கேட்டதையே கேட்கிறார்' என்பதற்கு அர்த்தம் பதில் காதில் விழவில்லை என்பதுதான்.

டாக்டரிடம் போகும்போது அப்பாவோடு கூட நீங்கள் போக வேண்டும். 'எப்பலேர்ந்து?', 'திடீர்னா, கொஞ்சம் கொஞ்சமாவா?', 'வழக்கமாப் போற வழி தப்பினாரா?', 'விழுந்தாரா?' இதற்கெல்லாம் பதில் எந்த மெஷினிடமும் கிடையாது.

இதெல்லாம் பார்த்த பிறகும் அல்ஸைமரின் ஆரம்பம் என்று தெரிந்தால்? மருந்து உண்டா என்பீர்கள். 2023-ல் அமெரிக்காவில் லெகனமாப் என்ற ஊசிக்கு முழு அனுமதி கொடுத்தார்கள். அது அமிலாய்ட் திட்டைக் கழுவி எடுக்கிறது. சிவப்பாக எரிந்த ஸ்கேன் நீலமாகிறது. ஆள்? ஒன்றரை வருஷ சோதனையில், 18 மார்க் அளவுகோலில் மற்றவர்களைவிட அரை மார்க்குக்கும் குறைவான வித்தியாசம். சரிவது 27 சதவீதம் மெதுவாகிறது, நிற்பதில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வருகிறது என்று அதைக் கண்காணிக்க மறுபடி மறுபடி எம்.ஆர்.ஐ. வேண்டும். லெட்ஜர் சுத்தமாகிவிட்டது, வியாபாரம் அதே இடத்தில். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நூறு வருஷத்தில் இதுதான் முதல் படி. ஆனால் அப்பாவின் பி.எஃப். பணத்தை அதில் கொட்டுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நம் வீடுகளில் இந்த ஒன்று மட்டும் நடப்பதில்லை. மகன் முடிவெடுப்பான், மாப்பிள்ளை கூகுள் பண்ணுவார், டாக்டர் மகனிடம் இங்கிலீஷில் பேசுவார். சம்பந்தப்பட்டவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டிருப்பார். தெரிந்துகொள்ளலாமா வேண்டாமா என்பது அவருடைய உரிமை. அவர் தலை ஸார் அது.

இன்னொரு விஷயம், இது கணக்குப் பிள்ளைக்குக் கணக்குப் பிள்ளை சொல்வது. 2020-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், தனியாக வசிக்கும் 80,000-க்கும் அதிகமான அமெரிக்க முதியவர்களின் கடன் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். பிற்பாடு டிமென்ஷியா என்று தெரியவந்தவர்கள், அது தெரிவதற்கு ஆறு வருஷம் முன்பிருந்தே பில் கட்ட மறந்திருக்கிறார்கள். ஆறு வருஷம்! ஸ்கேன் இல்லை, ஊசி இல்லை. அப்பாவின் பாஸ்புக்கைப் பாருங்கள். நாற்பது வருஷமாக 5-ம் தேதி கட்டுகிற கரண்ட் பில் இரண்டு தடவை கட்டப்பட்டிருக்கிறதா, கட்டப்படவே இல்லையா? செக்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பியதா? முகம் தெரியாத ஆளுக்கு ஓ.டி.பி. சொன்னாரா?

மெர்க்கன்டைல் லா பேப்பரில் பாஸ் மார்க்குக்காக உருப்போட்டோமே, 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், அதில் 201-வது பிரிவு ஞாபகம் இருக்கிறதா? பவர் எழுதிக்கொடுத்தவர் இறந்தாலும், புத்தி சுவாதீனத்தை இழந்தாலும் அந்தப் பவர் முடிந்துபோகும். 'அப்பாதான் எனக்கு பவர் குடுத்திருக்காரே' என்று நிம்மதியாக இருக்கிற பிள்ளைகள், அது சரியாகத் தேவைப்படுகிற நாளில் அது செல்லாது என்பதை பாங்க் கவுண்ட்டரில் போய்த் தெரிந்துகொள்கிறார்கள். உயிலும் அப்படித்தான், எழுதுகிறபோது தெளிவு வேண்டும். ஆரம்ப கட்டத்தில் இருப்பவர் கையெழுத்துப் போடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. விஷயம் புரிந்து போட வேண்டும், அவ்வளவுதான். சீக்கிரம் தெரிந்துகொள்வதால் மருந்து சம்பாதித்துத் தராத ஒன்றிரண்டு வருஷம் இப்படிக் கிடைக்கிறது: வீடு யாருக்கு, வைத்தியம் எதுவரை, தன்னை யார் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவரே சொல்லக்கூடிய வருஷம்.

சேவிங்ஸ் கணக்கில் அம்மா பெயரையும் சேர்த்து 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று மாற்ற பாங்கில் ஒரு ஃபாரம் இருக்கிறது. அப்பா ஒரு கையெழுத்து, அம்மா ஒரு கையெழுத்து, இரண்டு போட்டோ. ஃபாரம் இலவசம். தள்ளுபடி எதுவும் இல்லை.